இருபத்து மூன்றாவது வரி

இன்று காலை மகளுக்குக் காய்ச்சல். ஆரஞ்சு மணம் வீசும் அந்த மருந்தை மூடியில் ஊற்றப் போனவன் நிறுத்திவிட்டு, பாட்டிலைத் திருப்பி அளவை இரண்டு முறை படித்தேன். "இன்னாங்க, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றாள் மனைவி. உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன், சிஸ்டர்.

திண்டிவனம் ரோட்டில் நீங்கள் நர்ஸாக இருந்த சின்ன கிளினிக்குக்கும், சுற்று வட்டாரத்தில் இன்னும் சிலவற்றுக்கும் நான்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நோயாளி விவரம், மருந்து இருப்பு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்துச் சீட்டு எல்லாம் அதில்தான். புதிய பதிப்பு ஒவ்வொன்றுடனும் எதெல்லாம் மாறியது என்று ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும். கையால் எழுதினால் அரை நாள் போய்விடும். அதனால் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் நான் ஓரிரு சொல்லில் கிறுக்கி வைப்பதை அதுவே பொறுக்கி, வரிசையாக்கி, எல்லோருக்கும் மெயிலில் அனுப்பிவிடும். அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது. எப்படியும் யாரும் படிக்கப்போவதில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் படித்தீர்கள். அச்செடுத்து, பேனாவால் கோடு போட்டுப் படித்தீர்கள். புரியாத வரிக்கெல்லாம் போன் வரும்.

"சார், 'மைனர் பிக்ஸ்'னு போட்டிருக்குதே, இன்னா அது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சின்னத் திருத்தம்."

"சின்னதுன்னா எது? எங்க கிட்ட எது மாறுது?"

உண்மையைச் சொல்கிறேன், சில நாள் உங்கள் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்திருக்கிறேன்.

அன்றைக்கு எடுத்தேன். அமாவாசை நாள். ஊரில் இருந்த பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இருபத்து மூணாவது வரி சார். 'சிரப் அளவு சரிசெய்யப்பட்டது'ன்னு இருக்குது. அப்ப முன்னாடி தப்பா இருந்துச்சா?"

குழந்தையின் எடையைப் போட்டால் எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று சீட்டில் அச்சாகும் வசதியை முந்தைய பதிப்பில்தான் சேர்த்திருந்தேன். காய்ச்சல் மருந்தில் வீரியம் குறைந்த பாட்டிலும் உண்டு, இரு மடங்கு வீரியமுள்ளதும் உண்டு. என் கணக்கு எப்போதும் குறைந்ததை மட்டுமே எடுத்துக்கொண்டது. மற்ற பாட்டிலை வாங்கியவர்களுக்குச் சீட்டு சொன்னது இரு மடங்கு மருந்து. தற்செயலாகக் கண்ணில் பட்டது. எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோல் திருத்தி, மூன்று சொல் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தச் சீட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எப்பலேர்ந்து சார்?" என்றீர்கள்.

"ஒன்பது நாளா."

நீங்கள் என்னைத் திட்டவில்லை. "மத்த கிளினிக்குக்கு நீங்க போன் பண்ணுங்க. இங்க நான் பாக்குறேன்" என்றீர்கள்.

நல்லவேளை, மற்ற இடங்களில் வீரியம் கூடிய பாட்டில் வாங்கியிருக்கவில்லை. உங்களிடம் மட்டும் அதை வாங்கிப்போன பதினோரு குழந்தைகள். நான் கிளினிக்குக்கு ஓடி வந்தபோது பத்து வீட்டுக்குப் பேசி முடித்திருந்தீர்கள். எல்லோரும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டு மருந்தை நிறுத்தியவர்கள். சீயமங்கலத்துக் குழந்தையின் வீட்டில் மட்டும் போன் அணைந்து கிடந்தது.

"பஸ்ஸுக்கு நின்னா ஆகாது. உங்க வண்டியை எடுங்க சார்."

வழியெல்லாம் வெயிலில் பாறைக் குன்றுகள் அனல் அடித்தன. ஊருக்குள் நான்கு வீடு விசாரித்துக் கண்டுபிடித்தோம். பையன் தாயின் மடியில் துவண்டு கிடந்தான். "ரெண்டு நாளா வாந்தி எடுக்குறான் சிஸ்டர். இவன் நைனா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்காரு, வீட்டுல இருக்குற ஒரே போனும் அவருகிட்டதான் இருக்குது" என்றாள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததால் சீட்டில் உள்ளபடி, நாளுக்கு நான்கு வேளை, அன்று காலை வரை கொடுத்திருக்கிறாள். நீங்கள் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தீர்கள். வெள்ளையில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது.

"நான் ஏதாவது தப்பா குடுத்துட்டேனா சிஸ்டர்?" என்று சீட்டை எடுத்து நீட்டினாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணல. சீட்டுதான் தப்பு. நாங்க குடுத்த சீட்டு."

நாங்கள் என்றீர்கள். ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. பிறகு, "அந்தச் சீட்டுக்கு நான்தாம்மா கணக்கு எழுதினேன்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் ஒரு நாள் கொடுத்திருந்தால் ஈரல் தாங்கியிருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர். ஆறாம் நாள் பையன் வீடு திரும்பினான்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் டீ குடித்தபோது, அந்தப் பட்டியலை ஏன் அப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்க எதை மாத்தினாலும் கடைசியில என் கையாலதான சார் குடுக்குறேன்?" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினீர்கள். உங்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. எனக்கோ, இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் ஒருவரும் சொல்லித் தராதது.

போன தையில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் இடுப்பில் குழந்தையுடன் நின்ற தாய்மார்கள். அவர்களுக்கு நடுவே நின்றபோது, எத்தனை வீட்டுக் கதவை நீங்கள் தட்டியிருப்பீர்கள் என்ற மலைப்பு எனக்குத் தீரவே இல்லை.

பட்டியலை இன்றும் நிரல்தான் தொகுக்கிறது. ஆனால் நோயாளியைத் தொடும் திருத்தம் ஒன்று இருந்தால் அது நின்றுவிடும். யாருக்கு, எந்த நாளிலிருந்து, இப்போது அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் தமிழில், என் கையால் எழுதும்வரை நகராது. எழுதியது எல்லாவற்றுக்கும் மேலே, என் போன் எண்ணுடன் போகும். பட்டியல் போகிற நாளில் நான் வெளியூர் போவதில்லை, சிஸ்டர். வண்டியில் பெட்ரோல் நிரப்பி வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.