வெர்லினின் தபால் ஓட்டு

மார்ச் 22, 2016
எங்கள் கவுண்டியில் தேர்தல்களை நடத்தும் கிளார்க் பதவிக்கு ஆறாவது முறையாக வேட்புமனு போட்டேன். என் கணவர் வெர்லின் காபியைக்கூடத் தொடவில்லை. "டாக்டர் எனக்குக் கோடை தாண்டாதுங்கிறாரு. நீ ஊரான் ஓட்டை எண்ணிக்கிட்டு இரு. என் ஓட்டு இந்தத் தடவை கெண்ட்ராவுக்குத்தான், பாத்துக்க." கெண்ட்ரா ஒன்பது வருடமாக என் உதவியாளர். இப்போது என்னை எதிர்த்து நிற்கிறாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 22
தபால் ஓட்டு தொடங்கியது. இந்தக் கவுண்டியில் எல்லோரும் ஒரே கட்சி. ஜூனில் நடக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே எல்லாம் முடிந்துவிடும், நவம்பர் வெறும் சடங்கு. வெர்லினுக்கு வாக்குச்சீட்டை நானே கொண்டுபோனேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையால் மறைத்துக்கொண்டு நிரப்பி, கவரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.
"யாருக்குப் போட்டீங்க?"
"கிளார்க்கம்மா அதெல்லாம் கேக்கக் கூடாது."

மே 19
காலை ஆறு பத்து. வெர்லின் போய்விட்டார். ஆபீசுக்குக் கிளம்ப நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

மே 25
தேர்தல் சமயத்தில் புதன்கிழமை வரும் பத்திரிகையில் மரண அறிவிப்புகளைத்தான் முதலில் படிப்பேன். ஓட்டை அனுப்பிவிட்டுத் தேர்தலுக்கு முன் இறந்தவர்களின் கவரைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அது செல்லாது. எட்டு வருடம் முன்பு தலைநகருக்குப் போய், விதி தெளிவாக இருக்க வேண்டும் என்று வாதாடியவளே நான்தான். இன்று அந்தப் பக்கத்தில் வெர்லின் படம்.

"நான் எடுக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் கெண்ட்ரா. தொடாதே என்று கத்திவிட்டேன்.

மே 27
வெர்லின் ஓட்டை எண்ண ஏதாவது வழி உண்டா என்று கேட்க நீதிபதி மெரிலிடம் போனேன். "ஆர்லிஸ், சட்டத்த படிச்சுச் சொல்றதுதான் என் வேலை. திருத்தி எழுத முடியாதும்மா. டெல்லக் கேட்டுப் பாரு."

டெல் எங்கள் மாநில செனட்டர். வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான். "சட்டமன்றம் ஜனவரியிலதான் கூடும். கூடினாலும் ஒத்தைக் கவருக்கா சட்டம் போடறது? போட்டதை நடத்துறது உன் ஆபீஸ்தானே?"

என் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மெரில், டெல், நான் மூணு பேரும் ஒரே சர்ச்லதான் உக்காந்திருக்கோம்! ஒருத்தர் வேலையில ஒருத்தர் கை வைக்கக் கூடாது, அதுதான் நமக்குப் பாதுகாப்புன்னு வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துல போய்ப் பேசுறவ நான்.

மே 31
எடுத்துவைத்தேன். நானே.

ஜூன் 7
கெண்ட்ரா 611, நான் 583. அவர் ஓட்டு சேர்ந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் அவர் யாருக்குப் போட்டார்?

ஜனவரி 3, 2017
ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டேன். இனி காலையில் எங்கேயும் போக வேண்டியதில்லை. வெர்லின் என்னிடம் கேட்டது இந்தக் காலைகளைத்தான்.

ஏப்ரல் 9, 2018
கெண்ட்ரா கூப்பிட்டிருந்தாள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய இருபத்திரண்டு மாதம் முடிந்துவிட்டது, பழைய தேர்தல் தாள்களை அழிக்க வேண்டும். வெர்லினின் கவரை மேசைமேல் வைத்தாள். "காபி போடப் போறேன். பத்து நிமிஷம் ஆகும்." கதவைச் சாத்திக்கொண்டு போனாள். விதிப்படி நடப்பதில் என்னைவிடக் கறாரான பெண் அவள்.

கவரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்து கோணிப்போயிருந்தது. கிழித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு எழுந்துபோய், பிரிக்காமல் அப்படியே தாள் அரைக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

காபியோடு வந்தவள் காலி மேசையைப் பார்த்தாள். "பாத்தீங்களா?"

இல்லை என்றேன். கெண்ட்ராவுக்குப் போட்டிருப்பாரோ என்ற பயம் என்று நினைத்திருப்பாள். அது இல்லை. அந்தக் காலைகளைக் கொடுக்காத எனக்கே போட்டிருந்தால்தான் என்னால் தாங்க முடிந்திருக்காது.