அம்மி போட்டுக்கொள்ளாத ஊசி

மயிலாப்பூர்,
13 ஏப்ரல் 2026, திங்கள்

என் மகள் சிம்ராவுக்கு அப்பா எழுதுவது. உன் மீது இறைவனின் சாந்தி இருக்கட்டும். குர்கானில் நீ நலமாக இருக்கிறாய் என்று உன் அலுவலகச் சிநேகிதி போட்ட படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். மெலிந்திருக்கிறாய். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். நான் நலம். உன்னைப் பெற்ற அம்மியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். எட்டு மாதமாகச் சொல்லப் பார்த்தேன். உன் குரல் கேட்டதும் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் எனக்கு வாய் எழவில்லை. வீட்டில் நாம் உருது பேசினாலும் எழுதும்போது எனக்குத் தமிழ்தான், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் தந்தது. உனக்கும் அந்த எழுத்தை நான்தான் கற்றுக்கொடுத்தேன், அதனால் படித்துவிடுவாய். தி. நகர் கடையில் உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். திங்கள்கிழமை, கூட்டமில்லை. காலையிலிருந்து ஒரு பள்ளிப் பை விற்றது, ஒரு பெட்டிக்குச் சக்கரம் மாற்றினேன். அம்மிக்கு நான் எழுதுவது தெரியாது.

ரம்ஜான் பெருநாளன்று நீ என் போனுக்குக் கூப்பிட்டாய். நாலு நிமிடம் பேசினாய். கடை எப்படி, மாமு எப்படி, மழை வந்ததா. அம்மி என் பக்கத்தில்தான் நின்றாள். சேமியா கிண்டிய கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கத் தயாராக. நீ அவளைக் கேட்கவில்லை. நான் கொடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நீ வைத்த பிறகு, 'சளி பிடிச்ச மாதிரி இருந்தாளா, இல்ல எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சா' என்றாள். அன்று முழுக்க அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று தடவை.

போன வருஷத்தை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. ஷெஃபீல்டில் உனக்கு இடம் கிடைத்தது. பொது சுகாதாரம், ஒரு வருஷப் படிப்பு. கட்டணத்தின் மீதியும் ஒன்பது மாதச் செலவும் கையில் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும், இருபத்தாறு லட்சம், இருபத்தெட்டு நாள், நடுவில் ஒருநாள்கூடக் குறையக் கூடாது. வட்டிக் கடன் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நம் சேமிப்பு போக, பத்து லட்சம் உன் மாமு அப்துல் சமத் கொடுத்தார், வட்டி இல்லாமல், காகிதம் இல்லாமல், தங்கை மகள் என்ற ஒரே காரணத்துக்காக. மீதிக்கு அம்மி நகைகளை விற்றாள். உஸ்மான் ரோட்டில், நம் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில். அந்தக் கடைக்காரரே 'அடகு வைங்கம்மா, விக்காதீங்க, நாளுக்கு நாள் ஏறிட்டே போவுது' என்றார். அடகு என்றால் வட்டி. விற்றோம். அதற்குப் பிறகு தங்கம் என்ன விலைக்குப் போனது என்று உலகத்துக்கே தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கடை வரும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறாள், அவ்வளவுதான்.

ஜூன் பதினைந்தாம் தேதி தொகை சேர்ந்தது. ஜூலை பன்னிரண்டு வரை தொடக் கூடாது. நீ காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாய். என் பழக்கம் உனக்குத் தெரியும். வங்கி போடும் வட்டியை நான் வைத்துக்கொள்வதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறுஞ்செய்தி வந்த அன்றே எடுத்து, தேவைப்படுகிற யாரிடமாவது கொடுத்துவிடுவேன். அதைத் தர்மம் என்று சொல்லக் கூடாது, அதற்கு நன்மை எதிர்பார்க்கக் கூடாது. குப்பையை வாசலுக்கு வெளியே வைக்கிற மாதிரி. நீ முன்பே சொல்லியிருந்தாய், 'அப்பா, இந்த ஒரு தடவ கைவெக்காதீங்க, பன்னிரண்டாம் தேதி தாண்டட்டும்' என்று. நான் சரி என்றேன். இரண்டு தடவை சரி என்றேன்.

ஜூலை ஒன்றாம் தேதி செய்தி வந்தது. வட்டி 3,412 ரூபாய். பனகல் பார்க் பக்கத்து ஏ.டி.எம். வரை என் கால் தானாகவே போனது, சிம்ரா. வழியில் உன் பேச்சு நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. வட்டியை எடுத்தால் அசல் அப்படியேதானே இருக்கும், என்ன குறையப்போகிறது என்று எண்ணினேன். மூவாயிரத்து ஐந்நூறோடு நிறுத்தியிருக்கலாம். முன்பு எப்போதாவது எடுக்காமல் விட்டுப்போன வட்டிச் சில்லறை இருக்கும், ஒரு பைசாகூட உன் படிப்பில் கலந்துவிடக் கூடாது என்று நாலாயிரமாக எடுத்தேன். மூன்று நாள் கழித்துக் கடை வசூலில் ஐயாயிரம் கட்டினேன். அதோடு மறந்துவிட்டேன்.

எடுத்தது நான். அம்மி இல்லை.

நாலாயிரமும் வேலம்மாவிடம் போனது. நம் கடை வாசலில் சாக்ஸும் கைக்குட்டையும் விற்பாளே, அவளேதான். கோடம்பாக்கத்தில் அவள் வீட்டுக் கழிப்பறைக்குக் கதவு பெயர்ந்து, சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். 'இன்னா பாய், உன் ஊட்டு வட்டி என் ஊட்டு கக்கூசுக்கா? நல்ல மரியாத பாய் இது' என்று தெருவே கேட்கச் சிரித்தாள். அந்த வாரமே கதவு போட்டுவிட்டாள்.

மாதக் கடைசிக்குள் பவுண்டு ஏறியது. கூடுதலாகப் பத்தாயிரம் வைக்கச் சொல்லியிருந்தாய், வைத்திருந்தோம். விண்ணப்பித்த நாளின் பவுண்டு மதிப்பு அந்தப் பத்தாயிரத்தில் முந்நூறை மட்டும்தான் விட்டுவைத்தது. நான் அசலிலிருந்து எடுத்திருந்தது 588. அந்த மூன்று நாளும் 288 ரூபாய் குறைவு. நீ ஸ்டேட்மென்டின் கடைசி வரியைப் பார்த்தாய், அது சரியாக இருந்தது. விசா அலுவலகத்தார் எல்லா வரியையும் பார்த்தார்கள். நம் கடையில் ஒரு பூட்டின் விலை அந்த 288, சின்னப் பூட்டு.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி மறுப்பு வந்தது. நான் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நீ சாப்பாட்டு மேசையில் ஸ்டேட்மென்டை விரித்து விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தாய். விரல் நின்றது. 'ஜூலை ஒண்ணு, ஏ.டி.எம்., நாலாயிரம். யார் எடுத்தது?' நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் சமையலறையிலிருந்து அம்மி 'நான்தான், முழங்கால் ஊசிக்கு' என்றாள். நீ அவளைப் பார்த்தாய். 'என்னைவிட உனக்கு உன் முழங்கால் பெருசா அம்மி' என்றாய். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அக்டோபரில் ஊரைவிட்டே போய்விட்டாய். அம்மிக்கு ஏ.டி.எம். அட்டையைச் செருகத் தெரியாது. அந்த நாலு எண்ணும் அவளுக்குத் தெரியாது. கோபத்தில் நீ அதை யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்ல வேண்டியவன் செருப்போடு நின்றேன்.

ஏன் சொன்னாய் என்று அன்றே அவளைக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். 'கணக்கு உங்க பேர்ல, கையெழுத்து உங்களுது. அடுத்த வருஷம் அவ திரும்ப அப்ளை பண்ணணும்னா நீங்கதான் வேணும். உங்களோட பேச்சு நின்னா படிப்பு நின்னுடும். என்னோட நின்னா என்ன நிக்கும்?' என்றாள். நான் ஒப்புக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. எட்டு மாதம் வசதியாக இருந்தேன், மகளே. நீ என்னோடு பேசிய ஒவ்வொரு நாலு நிமிடமும் அவளுடையது.

நான் செய்தது சரியா என்று பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டேன். அவர், 'எண்ணம் இருந்தாப் போதுமே பாய், பன்னிரண்டு நாள் பொறுத்துக் கொடுத்திருக்கலாம், வேற பணத்துலேந்துகூடக் கொடுத்திருக்கலாம்' என்றார். மார்க்கம் என்னை அவசரப்படுத்தவில்லை. சுத்தமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது போல.

வேலம்மாவுக்கு விஷயம் போன மாதம்தான் தெரிந்தது. 'பொண்ணு பாரின் போகலியா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒருநாள் சொல்லிவிட்டேன். சாக்ஸ் கட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். 'கதவ கயட்டி வித்துட்டு நாலாயிரத்த குடுத்துர்றேன் பாய், இப்ப கட்னா அந்த விசாக்காரன் ஒத்துக்குவானா?' என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

இனி அம்மி. அந்த நாளிலிருந்து நம் வீட்டில் முழங்கால் என்ற சொல் இல்லை. உண்மையிலேயே வலி இருக்கிறது, நிறைய. இரண்டு மாடி ஏறுகையில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், நான் கேட்டுவிடக் கூடாது என்று. ஜனவரியில் வற்புறுத்தி ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேய்ந்துவிட்டது, இப்போதைக்கு ஊசி, பிறகு அறுவைச் சிகிச்சை என்றார். ஊசிக்கு எவ்வளவு என்று கேட்டாள். தொகையைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். 'வேணாம், ஒரு தடவ போட்டுக்கிட்டதே போதும்' என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, எப்போ போட்டீங்க என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுகைக்கு இப்போது நாற்காலி. அதில் உட்கார்ந்தபடி உன் பெயரைச் சொல்வது கூடத்துக்குக் கேட்கிறது.

உன் நீலப் பெட்டி கடையில் மேல்தட்டில்தான் இருக்கிறது. போன ஜூனில் நீயே நாலு சக்கரத்தையும் உருட்டிப் பார்த்து எடுத்து வைத்தது. ஆகஸ்டில் வெளிநாடு போகிற பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், எல்லோருக்கும் இருபத்து மூன்று கிலோ, எல்லோருக்கும் தூக்கி எடை பார்த்துக் காட்டினேன். அடையாறிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு உன்னுடையதுதான் பிடித்தது. விற்றாகிவிட்டது என்றேன். போன வாரம் அதன் பூட்டுக்கு எண்ணெய் போடத் திறந்தேன். உள்ளே ஒரு போர்வை, கம்பளிக் காலுறை இரண்டு, மசாலாப் பொட்டலம் நாலு. பொட்டலத்தின் மேல் அம்மி கையால் தேதி. மார்ச் 2026. எனக்குப் புரியவில்லை. வேலம்மாதான் சொன்னாள், 'மூணு மாசத்துக்கு ஒருக்கா அம்மா வரும் பாய், நீ தொழுவப் போற நேரமா. பழச எடுத்துட்டு புதுச வெச்சிட்டுப் போவும்'. லஸ் கார்னரில் பஸ் ஏறி வந்து, அந்தக் காலோடு, ஏணியில் ஏறி.

பல்கலைக்கழகம் உன் இடத்தை இந்த செப்டம்பருக்கு மாற்றி வைத்திருக்கிறது. ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நீ அந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுதினாய். நான் வற்புறுத்தவில்லை. மாமு தன் பத்து லட்சத்தைக் கேட்கவில்லை, பணம் அப்படியே நிற்கிறது, பவுண்டுக்கென்று மேலும் ஐம்பதாயிரம் போட்டிருக்கிறேன். ஏ.டி.எம். அட்டையை மாமுவிடம் கொடுத்துவிட்டேன். மார்ச் கடைசியில் வட்டி வந்தது. தொடவில்லை. போவதும் போகாததும் உன் விருப்பம். ஆனால் அம்மியின் மேல் கோபத்தில் போகாமல் இருந்துவிடாதே, அந்தக் கோபத்துக்கு அங்கே ஆள் இல்லை. என்னோடு நீ பேசாமல் போனாலும் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் போடுவேன். அதை முதலிலேயே அவளிடம் சொல்லியிருந்தால் அவள் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாள்.

இத்தோடு அன்றைய ஏ.டி.எம். சீட்டை வைத்திருக்கிறேன். பர்ஸிலேயே இருந்தது. எழுத்து அநேகமாக மறைந்துவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நேரம் தெரியும், பகல் 12.40. அந்த நேரத்தில் அம்மி வீட்டில் உன் கல்லூரிச் சான்றிதழ்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். நீயும் பக்கத்தில் இருந்தாய்.

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், தண்ணீர் குடி. வெளிச் சாப்பாட்டைக் குறை. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், உன் படிப்பில் பரக்கத் தரட்டும், எந்த ஊரில் இருந்தாலும் உன்னைத் தனியாக விடாமல் இருக்கட்டும். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான் கடையில் இருப்பேன், வீட்டில் அவள் தனியாக இருப்பாள். அவள் போனுக்குக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாது, போனை வைத்துவிடுவாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். வலி இல்லை என்பாள். நம்பாதே.

உன் அப்பா,
மெஹபூப் பாஷா