மகளுக்குப் பொருந்தும் அளவு

வேலம்பாளையம்

அன்புள்ள மெஹ்ஜபின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் மெஹ்ஜபினும் நலம். மஸ்கட்டில் வெயில் கடுமை என்று உங்கள் அறையில் தங்கியிருக்கும் கைருதீன் அண்ணன் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போனில் பேசினால் இருவருக்கும் கோபம் வருகிறது. அதனால்தான் விடுமுறை முடிந்து திரும்பும் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மகளின் வலிப்பு மருந்தை ஏன் இப்படித் துளித்துளியாகக் கூட்டுகிறார்கள், ஒரேயடியாகக் கூட்டச் சொல் என்றீர்கள். டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஒவ்வொரு கொழந்தைக்கும் அளவு வேறங்க. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, வலிப்பு நிக்கிற எடத்துல நாமளும் நின்னுக்கோணும். டைட்ரேஷன்னு சொல்லுவோங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாயப்பட்டறை லேபில் நான் தினமும் செய்வதற்கும் அதுதானே பெயர். பிளீச்சிங் தண்ணீரில் பெராக்சைடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். விழுகிற நிறமெல்லாம் மறைந்துகொண்டே இருக்கும். ஏதோ ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நின்றுவிடும், அதுதான் கணக்கு. தாண்டிவிட்டால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்துக்கொள்வேன். பிள்ளையை என்ன செய்வது?

இவ்வளவு தெரிந்தும், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மறுபடி வலிப்பு வந்த அன்று என் கை கேட்கவில்லை. சிரிஞ்சில் மருந்தைக் கூடுதலாக எடுத்துவிட்டேன். வாயைத் திறந்தவள் அதைப் பார்த்து, "அம்மா, கோட்டுக்கு மேல போயிருச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கூடுதலை வெளியேற்றிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அதன்பின் டாக்டரம்மா இரண்டு முறை சிறிது கூட்டினார். முதலில் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள், பயந்துபோனேன். பிறகு தெளிந்துவிட்டாள். ரமலான் பிறந்ததிலிருந்து இதுவரை வலிப்பு வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நேற்று மாடிப்படியில் தனியாக ஏறினாள். நான் கையைப் பிடிக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

உங்கள் கோபம் பயத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. "எனக்கு வலிப்பு வர்றதாலதான் அத்தா பேசறதில்லையா?" என்று கேட்டாள். போன் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூப்பிடுங்கள். மருந்துப் பேச்சு வேண்டாம். முன்பல் விழுந்ததைக் கேளுங்கள். அதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று வேறு யாரிடமும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

வஸ்ஸலாம்,
நூர்ஜான்