நீலப் போர்வையைத் துவைக்க வேண்டாம்

அனுப்புநர்:
லொவீனா பிராட்டெக்,
க/பெ அமாசா பிராட்டெக்,
ஹேசல்ஃபோர்டு கிராமம், ஓஹையோ.

பெறுநர்:
கிடங்கு மேற்பார்வையாளர் அவர்கள்,
படைவீரர் மருத்துவமனை, சின்சினாட்டி.

பொருள்: எங்கள் மகளிர் தையல் சங்கம் அனுப்பிய நீல அறுகோணப் போர்வையைத் துவைக்காமல் நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி சங்கத்தின் தலைவி. வீரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றவள். அந்தப் பெருமையோடு என் மடத்தனத்தையும் சேர்த்தே சமர்ப்பிக்கிறேன்.

2. அறுகோணமாக வெட்டிய காகிதத்தின் மேல் துணியை மடித்துத் தைத்து, துண்டுகளை இணைத்தபின் காகிதத்தை உருவிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். மருத்துவமனைக்குப் போர்வைகளை ஏற்றிச்செல்லும் வண்டி மறுநாளே கிளம்புகிறது என்றதும், காகிதத்தை உருவாமலேயே பஞ்சை வைத்து மூடிவிட்டேன்.

3. அந்தக் காகிதங்கள் என் கணவரின் கடிதங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்தாரே என்ற கோபத்தில், ஓராண்டாக வந்த எதையும் படிக்காமலே வெட்டினேன். பக்கத்து வீட்டு ட்ரூசில்லா, "படிச்சுட்டாவது வெட்டேன்டி" என்றாள். "அவரே வந்து நேர்ல சொல்லட்டும், கேட்டுக்கறேன்" என்று வாய் கிழியப் பேசினேன்.

4. அவர் இறந்துவிட்டதாகச் சென்ற செவ்வாயன்று படைப்பிரிவிலிருந்து தகவல் வந்தது. வீடு முழுக்கத் தேடிவிட்டேன். அவர் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. மருத்துவமனையில் போர்வைகளைக் கொதிநீரில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன்; போட்டால் மை கரைந்துவிடும்.

5. போர்த்தியிருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம். அவர் குணமாகட்டும், காத்திருக்கிறேன். துவைக்க மட்டும் போடாமல், பிறகு அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து அதைப் பிரிக்க அனுமதிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். ஊசி, நூல் நானே கொண்டுவந்து திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். துண்டுகளைச் சேர்த்துப் படிப்பது என் பாடு. அதற்குத்தானே முதலிடம் கொடுத்தார்கள்.

6. அடையாளம்: புரண்டு படுத்தால் சரசரக்கும். அதனால் தூக்கம் கெட்டிருந்தால் அந்த வீரர் என்னை மன்னிக்க வேண்டும். அந்தச் சத்தம் நான் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டியது.

இடம்: ஹேசல்ஃபோர்டு
நாள்: 14 நவம்பர் 1864

தங்கள் கடிதத்தையாவது வந்தவுடன் பிரித்துப் படிக்கப்போகும்,
(ஒப்பம்) லொவீனா பிராட்டெக்