ராத்தாவின் கூலியும் சேர்த்து

ராத்தா,

இன்று சுபஹுத் தொழுகை முடிந்து வந்து நீலப் பிளாஸ்டிக் பரலின் மூடியைத் திறந்தேன். மீன் கழிவும் சர்க்கரையும் ஊறிச் செடிகளுக்குப் பசளையாகிற அந்த வாசம் முகத்தில் அறைந்தது. அதற்கு 'அத்தர்' என்று பெயர் வைத்தவன் நான். காலையில் நீ தோட்டத்திலிருந்து உள்ளே வரும்போதெல்லாம், "உம்மா, மக்கத்து அத்தர் வருது, ஜன்னலத் திறங்க" என்று சத்தம் போடுவேன். நீ அந்தக் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்துத் திருகுவாய். பள்ளிக்கூடத்தில் அன்று முழுக்கப் பக்கத்தில் ஒருவனும் உட்காராமல் வாங்கில் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். இன்றும் அதையே சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில் உம்மா திரும்பவில்லை. பகிடி விட்டால் அடிக்க வருவதற்கு ஒரு ஆள் வேண்டும், ராத்தா. இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்.

சுனாமி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவையும், அவர் மூத்த மகள் உனக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டையும் கடல் சேர்த்தே கொண்டுபோனது. நம்முடைய ஊரில் பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கல்யாணப் பேச்சு வாசலுக்கே வராது. வயலை மூடிக் கிறவல் கல்மண் கொட்டிய குடியிருப்பில் நமக்கு ஒரு வீடு தந்தார்கள். மூன்று பேர் படுத்தெழும்பப் போதும், அதற்கு மேல் ஒன்றுக்கும் போதாது. புல்லே முளைக்காது என்று எல்லோரும் சொன்ன அந்தக் கிறவலின் மேல், நிவாரணத்துக்கு வந்த வாளிகளை அடுக்கி மண் நிரப்பி, கத்தரியும் வெண்டியும் பொன்னாங்காணியும் வைத்தாய். பூச்சிமருந்து அடிக்கவில்லை, கடைப் பசளை போடவில்லை. ஒரு நாள் உம்மாவிடம் சொன்னாய்: "இந்தத் தோட்டம் வீடு கட்டக் கல்லும் சீமெந்தும் தந்தா நான் எங்கயும் போக மாட்டன். தராட்டி சவூதிக்கு வேலைக்குத்தான்."

விற்கிற வேலை எனக்கு. உடைந்த தோணிப் பலகை ஒன்றுக்குக் கறுப்பு மை பூசி வாசலில் சாத்தி வைத்தோம். விலையை நீ எழுதுவாய், மிச்சத்தை நான் எழுதுவேன். 'புழு ருசி பார்த்த கீரை. ஓட்டைக்குக் காசு எடுப்பதில்லை.' சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு, "பூச்சிக்கே புடிச்சிரிக்கி, உங்களுக்குப் புடிக்காதா?" என்று வீதி வீதியாகக் கேட்டுக்கொண்டு போவேன். ஓட்டை விழுந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மூஞ்சியைச் சுளித்த பெண்களெல்லாம் பிறகு ஓட்டை இருக்கிறதா என்று தேடி வாங்கத் தொடங்கினார்கள். பெருநாள் கிழமையில் கீரை போதாமல் போகும்.

ஆனாலும் கல் வந்து சேரவில்லை. நீ விலை போட்ட விதம் அப்படி. காலையில் சந்தை விலையை விசாரித்து வரச் சொல்வாய். அதிலிருந்து கொஞ்சம் குறைத்துப் பலகையில் எழுதுவாய்.

"ஏன் குறைக்காய்? நம்மட மரக்கறி நல்லம்தானே."

"தண்ணி கிணத்துத் தண்ணி. பசளை மீன்காரன் எறியிற கழிவு. எல்லாம் சும்மா கிடைச்சது. எப்படிடா காசு கேக்கிற?"

"அப்ப நீ?"

"நானும் சும்மாதானே இரிக்கன்."

காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் சும்மா இருந்த ஒருத்தியை நான் அன்றுதான் பார்த்தேன். விடாமல் அரித்தபோது, கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "கடலு இந்த ஆக்கள்ட்ட எல்லாத்தயும் எடுத்திச்சி. நானும் எடுக்கிறதா?"  

வாயால் வெல்ல முடியாவிட்டால் எனக்குக் குறும்பு. ஒரு வெள்ளிக்கிழமை நீ குளிக்கப் போன நேரம் பலகையில் இருந்த விலையை அழித்துவிட்டு, இரண்டு மடங்காக எழுதினேன். பக்கத்து வீதி மைமூனா மாமி வந்தார். பலகையைப் பார்த்தார், கத்தரிக்காயைப் பார்த்தார், பேரம் பேசாமல் எழுதியிருந்த காசைத் தந்துவிட்டு நடந்தார். ஈரத் தலையோடு வந்த நீ பலகையைக் கண்டாய்.

"செய்த்தானே, என்னடா எழுதி வெச்சிரிக்காய்?"

"மாமிக்கு விளங்கிச்சி. உனக்குத்தான் விளங்கல்ல."

மிச்சக் காசைப் பொத்திக்கொண்டு, செருப்பு டப் டப்பென்று அடிக்க, நீ மாமிக்குப் பின்னால் ஓடினாய். நான் வாசலில் நின்று, "ஓடு ராத்தா, பிந்தினா மாமி பணக்காரியாப் போயிருவா" என்று கத்தினேன். அன்று வயிறு நோகச் சிரித்தது நான்தான்.

பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் வந்தார். அவர் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டில் அத்தரை நன்றாகத் தேய்த்து விட்டேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார். ஆனாலும் அடுத்த கிழமை திரும்பி வந்தார். நீ போய்விட்டாய். அங்கிருந்து பேசும்போதெல்லாம் சுகம் விசாரிக்கும் முன்னமே கேட்பாய்: "பொன்னாங்காணி என்ன விலைக்குக் குடுக்காய்? கூட்டிப்போட்டிடாத, ஓம்?" நானும் ஓம் சொல்வேன்.

யுத்தம் முடிந்தது என்று ஊரெல்லாம் வெடி கொளுத்திய கிழமையில்தான் அந்தச் செய்தி வந்தது. காய்ச்சலில் நீ இறந்துபோனாய் என்றார்கள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்கள் இறந்துபோன தங்கள் ஆட்களின் கப்ரடிக்குப் போவார்கள். எனக்குப் போக இடமில்லை. நான் வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

பாதைகள் திறந்தன. மலைநாட்டு மரக்கறி லொறி லொறியாக வந்து இறங்கியது. சந்தை விலை விழுந்தது. நீயாக இருந்தால் இன்னும் குறைத்திருப்பாய். நான் ஏற்றினேன். வயலில் புல்லுப் பிடுங்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டு, அதை அன்றைய கீரைக் கட்டுகளுக்கெல்லாம் பங்கு போட்டுச் சேர்த்துப் பலகையில் எழுதினேன். ஏன் விலை கூட என்று கேட்டவர்களிடம், "ராத்தாட கூலியும் சேத்துத்தான்" என்றேன். வாங்கிக்கொண்டு போனார்கள். உனக்காக இரங்கி வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். இரக்கம் ஒரு கிழமையில் தீர்ந்துவிடும் என்றும் நினைத்தேன். தீரவில்லை.

அதற்குப் பிறகு, ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நேர்ஸ் அக்கா ஒருவர் பக்கத்து ஊர் காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு உன்னைத் தெரியாது. பலகையை வாசித்துவிட்டு, "சந்தையில இதவிடக் குறைவே தம்பி" என்றார்.

"இதுக்குள்ள ஒரு ஆளுட கூலியும் இரிக்கி அக்கா. முந்தி அதப் போடல்ல."

அவர் ஓட்டை விழுந்த இலைகளாகப் பார்த்து ஒரு கட்டைத் தெரிந்தெடுத்தார். "கூலி போடாமலா இவ்வளவு நாளும் வித்த நீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். காசைத் தந்தார், போனார்.

அன்று பின்னேரம் மைமூனா மாமியிடம் கேட்டேன். "அண்டைக்கு நான் எழுதின விலை கூட எண்டு தெரிஞ்சா தந்தீங்க?"

"தெரிஞ்சிதான் மனே. அந்தப் புள்ள படுற பாட்டுக்கு அது சரியான விலைதானே. அவதான் ஓடி வந்து கையில திணிச்சிட்டுப் போனா. எனக்கு வெக்கமாப் போச்சி."

தந்திருப்பார்கள், ராத்தா. நீ கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கடல் எடுத்ததும் நீ கேட்பதும் ஒன்றில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதை உம்மாவிடம் சொல்ல என்னால் முடியவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

பலகை அதே இடத்தில்தான் இருக்கிறது. புழுப் பகிடியை அழிக்கவில்லை. அதன் கீழே உன் கூலி சேர்த்த விலை. அத்தர் வாசம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போவதில்லை, பள்ளிக்கூட வாங்கில் எனக்கு இன்னும் தாராளமாக இடம் கிடைக்கிறது. யாராவது வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, வீட்டுக்குள்ளிருந்து ஈரத் தலையோடு ஒரு செருப்புச் சத்தம் ஓடி வருமென்று நான் வாசலை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிறேன். வழி விடுவதற்கு.