பழனி விஞ்சில் தனியாக

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முட்டியைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் செல்லமும் சுகமாக இருக்க அண்ணாமலையாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு வரச் சொல்லி நீ கேட்டதற்கு அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. முட்டியைக் காட்டுகிறார், அத்தனை நேரம் பிளேனில் எப்படி உட்காருவது என்கிறார். அவர் இல்லாமல் நான் எப்படி வருவது, கீழ்பென்னாத்தூருக்கே தனியாக பஸ் ஏறாதவள். உன் பக்கத்தில் யாருமில்லாமல் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே சரியில்லை. இதற்கு நடுவில் போன வாரம் உனக்காக வேண்டிக்கொண்டு பழனிக்குப் போனோம். நம் ஊரில் மலையைச் சுற்றித்தானே பழக்கம், மலை ஏற ஒரு ரயில் என்பது எனக்குப் புதுசு. நீங்கள் குடியிருக்கும் பிராகா ஊர் மலைக்கோயில் ரயிலை நீ படம் அனுப்பியதிலிருந்து, பழனியில் கயிறு கட்டி மலைக்கு இழுக்கும் விஞ்சு ரயிலில் ஏற ஆசை. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேல் வண்டித் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அந்தப் பாரத்தில் அது இறங்க, அதே கயிற்றில் கட்டிய கீழ் வண்டி ஏறியது, இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது என்று நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். தண்ணி இழுக்குதாம், நல்லா கதை வுடறா உன் பொண்ணுன்னு சிரித்தார்.

அடிவாரத்தில் அவர் விஞ்சுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். பொட்டியில குந்திக்கினு போனா அது வேண்டுதலா, நீ வேணா போயேன், தனியா போவியான்னு கேட்டார். எனக்கு வந்ததே கோபம், நேராக வரிசையில் போய் நின்றுவிட்டேன். பெட்டி படிக்கட்டு மாதிரி தட்டுத் தட்டாக இருக்கிறது. கிளம்பியதும் பிடித்த கம்பியை விடவே இல்லை. பிறகு பார்த்தால் அவசரமே இல்லாமல் போகிறது, ஊர் முழுக்கக் கீழே தெரிகிறது. பாதி வழியில் எதிர்ப் பெட்டி மொட்டைத் தலைகளோடு இறங்கிப் போனது. இங்கே மோட்டார்தான், ஆனாலும் ஒன்று ஏற ஒன்று இறங்குகிறது. பிள்ளை மேலே போனால் பெற்றவர்கள் கீழேயே இருக்கவேண்டியதுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் ஓவியா. அந்த இறங்கின பெட்டி மறுபடி ஆள் ஏற்றிக்கொண்டு வந்ததை மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா படியேறி வந்து சேர வெகுநேரம் ஆனது, முட்டி வீங்கிப் போயிருந்தது. தரிசனம் முடிந்து இறங்கும்போது அவரே விஞ்சு வரிசையில் போய் நின்றார். பெட்டி நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இதுலயா தனியா வந்தன்னு கேட்டார். ஆமாம் என்றேன். பிளேன்லயும் போய்டுவ போலன்னார். போய்டுவேன் என்றேன், சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது. அடிவாரம் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் பார்த்து நட. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும். டிக்கெட்டை என் பெயருக்குப் போடு. அப்பா நானும் வரேன்னு சொன்னாலும் சொல்வார், முதலில் எனக்கு ஜன்னல் சீட்டை எடுத்துவிட்டு அப்புறம் அவருக்குப் பார்.

உன் அம்மா,
சந்திரம்மாள்.