கிளாம்ப் கடித்த இடம்

2006 பிப்ரவரி 7, செவ்வாய்

மூடுபனி. துபாய்ல இப்படியொரு பனி, எதிர் பிளாக்கே தெரியல. பஸ் லேட். சைட்ல பத்து மணி வரைக்கும் சாரத்துல யாரையும் ஏத்தல. கீழ உக்காந்து, பைப்பைக் கவ்விப் பிடிக்கற கிளாம்புக்கு எண்ணெய் விட்டதோட சரி.

சாயங்காலம் லேபர் கேம்ப்ல சண்டை. காரணம் சைக்கிள். அந்தோணி அண்ணன் (எனக்குக் கீழ் பெட், ஏ.சி. டெக்னீசியன், தூத்துக்குடிக்காரர். இனி அ.அ. போதும், கை வலிக்குது) வராண்டாவுல சைக்கிளைத் தலைகீழா கவுத்துப் போட்டு செயின் மாட்டிட்டு இருந்தார். தரையெல்லாம் கிரீஸ். கேம்ப் பாஸ் வந்து கத்து கத்துன்னு கத்தினான். "இன்னொரு தரம் பாத்தேன், தூக்கி குப்பை வண்டில போட்டுருவேன். கலாஸ், அவ்வளவுதான்."

சைக்கிள் போனா அ.அ.க்கு எல்லாம் போச்சு. காலைல நாலரைக்குக் கிளம்பி ஜுமைரா வில்லாக்கள்ல கார் கழுவிட்டு, ஆறரைக்குள்ள அல் கூஸ் கேம்புக்குத் திரும்பி, கம்பெனி பஸ் ஏறணும். கம்பெனிக்குத் தெரியாத வேலை. மக நர்சிங் படிப்பு அதுலதான் ஓடுது. இருபத்தாறாம் தேதி ஊருக்கு. மூணு வருஷம் கழிச்சு லீவு.

"கவலைய விடுங்கண்ணே. சைக்கிளைத் தொங்க விட்டு ரிப்பேர் பாக்க ஒரு ஸ்டாண்ட் பண்ணித் தரேன். தரையில ஒரு சொட்டு விழாது."

"நீ பண்ணுவலே. சாரம் கட்டுத பய, உனக்கு பைப்புன்னா அல்வா திங்க மாதிரில்லா."

சும்மா வாய் விட்டேன். இப்ப பண்ணியாகணும்.

பிப். 8, புதன்

டூட்டி முடிஞ்சு சைக்கிள் கடை. கண்ணாடிக்குள்ள ரெடிமேட் ஸ்டாண்ட் ஒண்ணு. மூணு கால், மேல ரப்பர் வெச்ச பிடி. அந்த விலைக்கு நம்ம கேம்ப்ல ஓட்டற மாதிரி பழைய சைக்கிளே மூணு வாங்கலாம். கடைக்கார மலையாளிச் சேட்டன் நல்ல மனுஷன், நான் வாங்க மாட்டேன்னு தெரிஞ்சும் மாட்டிக் காட்டினார். "சீட்டுக் கம்பியிலதான் பிடிக்கணும். பாடி பைப்ல பிடிக்கக் கூடாது, கேட்டோ? தகரம் மாதிரி மெலிசு."

தலையாட்டிட்டு வந்தேன். பதினொரு வருஷமா பைப்போட குடித்தனம் பண்றவன். எனக்கே பைப் பாடமான்னு ஒரு நினைப்பு.

வேணுங்கறது:
– சாரப் பைப், ஸ்கிராப், ஆறடி (சூப்பர்வைசர்கிட்ட கேட்டாச்சு, கேட் பாஸ் எழுதித் தரேன்னார்)
– குறுக்குக்கு ரெண்டடி துண்டு
– கிளாம்ப் 2
– பெரிய பெயிண்ட் டப்பா, கான்கிரீட் ரொப்ப
– பழைய டியூப்
– சோப்பு, போன் கார்டு (இது எனக்கு)

பிப். 10, வெள்ளி

லீவு. இதமான வெயில். நேத்து சாயங்காலம் டப்பாவுல ஊத்துன கான்கிரீட் கல்லாயிருக்கு. பதினோரு மணிக்கு ஸ்டாண்ட் ரெடி. ஜம்முன்னு நிக்குது.

அ.அ. சீட்டுக் கம்பி துருவேறி உள்ளயே இறுகிக் கெடக்கு. ரெண்டு விரக்கடைதான் வெளிய. கிளாம்ப் உக்காரல. சேட்டன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. வந்தும், மேல் பைப்ல டியூபைச் சுத்திப் பிடிச்சேன். ரெண்டு தரம் வழுக்கிச்சு. சாரத்துக்கு முடுக்கற மாதிரி ஸ்பேனரைப் போட்டு ஒரே முடுக்கு. அப்புறம் அசையல.

செயின், ரெண்டு பிரேக், பெடல், பின் வீல் கோட்டம், எல்லாம் பாத்தாச்சு. தரையில ஒரு சொட்டு இல்ல. கேம்ப் பாஸே எட்டிப் பாத்து "அச்சா"ன்னுட்டுப் போனான். பக்கத்து ரூம்காரங்களும் சைக்கிளோட வரிசை. தலை கொஞ்சம் கனத்துதான் போச்சு எனக்கு.

அதோட நிறுத்தியிருக்கலாம். சைட்ல கட்டின சாரத்தைப் பாத்து, ஏறலாம்னா பச்சை டேக், ஏறாதேன்னா சிவப்பு டேக் மாட்டிக் கையெழுத்துப் போடறது என் வேலை. பைல ஒரு பச்சை கெடந்தது. தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு ஹேண்டில்ல கட்டினேன். ரூமே சிரிச்சுது.

"ஏலே, இனி எனக்கு என்ன பயம்? கவர்மெண்டு முத்திரைல்லா!"

எல்லாரும் பிரியாணிக்குப் போனப்புறம் கிளாம்பைக் கழட்டினேன். பைப் ரெண்டு பக்கமும் நசுங்கியிருக்கு. அடிப்பக்கம் ஒரு கோடு. முடி கனம். பெயிண்ட்தான் வெடிச்சிருக்கும்னு நகத்தால கீறிப் பாத்தேன். நகம் மாட்டுது.

கறுப்பு டேப் சுத்திட்டேன். பிரியாணிப் பொட்டலத்தோட திரும்பி வந்த அ.அ. டேப்பைத் தடவிப் பாத்தார்.

"என்னல இது?"

"தூக்கிட்டுப் படியேற கிரிப்புண்ணே." வாய் கூசாம வந்துச்சு.

பிப். 12, ஞாயிறு

திரும்ப மூடுபனி. சைட்ல, சாரத்தோட நாலாவது தட்டுல நசுங்கின பைப் ஒண்ணு மாட்டியிருந்தாங்க. கழட்டச் சொல்லி, அறுத்துப் போட்டுட்டு, மாட்டினவனைப் பிடிச்சுக் கிழிச்சேன். "இதுல ஆளை ஏத்துவியா நீ? உன் அண்ணன் தம்பின்னா ஏத்துவியா?" கத்தி முடிச்சேன். சாரத்தை விட்டு இறங்கித் தண்ணி குடிச்சேன்.

அ.அ.கிட்ட ஏன் சொல்லல? சொன்னா அவர் சைக்கிளை எடுக்க மாட்டார், வில்லா வேலை போயிரும், லீவுக்குப் போற நேரத்துல மனசு ஒடிஞ்சிருவார். இதெல்லாம் சப்பைக்கட்டு. ரூமே பாராட்டினதுக்கப்புறம் நான்தான் கெடுத்தேன்னு சொல்ல மானம் போகுது. அதான் உண்மை. இங்கயாவது எழுதி வைக்கறேன்.

பிப். 14, செவ்வாய்

"தம்பி, ரெண்டு நாளா மிதிக்கையில கிணுக்குன்னு ஒரு சத்தம். செயினா இருக்குமோ?"

"எண்ணெய் விடறேண்ணே."

விட்டேன். செயினுக்கு. சீ.

டேப் ஒரு ஓரம் சுருங்கியிருக்கு. மேல இன்னொரு சுத்து சுத்தினேன். பச்சை டேக் பனியில நனையுதுன்னு அ.அ. பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியிருக்கார்.

பிப். 15, புதன்

ஸ்டோர்ல ஒரு சிவப்பு டேக் எடுத்தேன். எழுதிட்டேன்: பைப் விரிசல், ஓட்டாதே. கையெழுத்தும் போட்டாச்சு.

சாப்பாட்டு நேரத்துல சொல்லிடலாம்னு போனா, அ.அ. அட்டைப் பெட்டி கட்டிட்டு இருக்கார். ரூம் நிறைய ஆளு. அண்ணிகிட்ட போன்ல, "இங்க நம்ம தம்பி ஒருத்தன் இருக்காம்லா, எல்லாம் அவன் பாத்துக்கிடுவான்." என்னைப் பாத்துக் கண்ணடிக்கறார். டேக்கைப் பேண்ட் பாக்கெட்டுக்குள்ள திணிச்சிட்டு என் பெட்டுல ஏறிட்டேன்.

நாளைக்குக் காலைல. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி சிவப்பைக் கட்டிட்டு, மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடறது. அலாரம் 4.00.

பிப். 16, வியாழன்

அலாரம் அடிச்சுது. கீழ் பெட் காலி. வில்லாக்காரங்க ஏர்போர்ட் போறாங்களாம், கார் சீக்கிரம் வேணுமாம், மூணரைக்கே போயிட்டார்னு எதிர் பெட்காரர் தூக்கத்துல சொன்னார்.

வெளிய பனி. கையை நீட்டினா விரல் தெரியல. லாரி ஹாரன் மட்டும்.

6.30. வரல. 6.45. வரல. பஸ் கிளம்புது, யல்லா யல்லான்னு டிரைவர் கத்தறான். நான் ஏறல. டூட்டி போனாப் போகட்டும்னு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். வழியில ஒரு செருப்பு கெடந்தது. குனிஞ்சு பாத்தேன், அவரோடது இல்ல. அம்மா தாயேன்னு வாய்விட்டே கும்பிட்டேன்.

ரவுண்டானா தாண்டி ஓரமா ஒரு தண்ணி லாரி. எமர்ஜென்சி லைட் மினுக் மினுக்குன்னு. டயர் பக்கத்துல அ.அ. உக்காந்திருக்கார். தாடையில துணி, துணியெல்லாம் ரத்தம். வலது கை மடியில தொங்கிக் கெடக்கு. லாரி ஓட்டி வந்த பாகிஸ்தான் பட்டான் ஒருத்தர் தோளைப் பிடிச்சிட்டிருக்கார்.

"ஏலே, வந்துட்டியா. திடுதிப்புனு முன்னால மடங்கிட்டுல்லா! பின்னாலயே லாரி. இந்த பாய் பிரேக் போடலைன்னா..." சிரிக்கப் பாத்தார். பல் ஒண்ணு இல்ல.

சைக்கிள் லாரி முன் டயருக்கு ரெண்டடி தள்ளிக் கெடக்கு. மேல் பைப் டேப் போட்ட இடத்துல அறுந்து, கீழ் பைப் மடங்கி.

பட்டான் அறுந்த முனையை விரலால தடவினார். பாதி புது வெட்டு, பளபளன்னு. மீதி பாதி துரு. பழைய விரிசல். யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அவர் நிமிந்து டேப்பைப் பாத்தார், அப்புறம் என்னைப் பாத்தார்.

அ.அ. இடது கையால ஹேண்டில்ல கிடந்த பச்சை டேக்கைத் தூக்கி, ஹிந்தில அவருக்கு விளக்கறார். "சைக்கிள்ல குறை இல்ல, பாய். இது என் தம்பி. இவன் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது. ரோட்டுலதான் குழி."

என் கை பேண்ட் பாக்கெட்டுக்குள்ள, சிவப்பு டேக் மேல. வெளிய எடுக்கல.

"தம்பி, இத வெல்டிங் வச்சு உன் ஸ்டாண்டுல மாட்டி சரி பண்ணிரு. நான் ஊருக்குப் போனா நீயே ஓட்டு, என்ன?"

சரிண்ணேன்னு சொல்லிட்டேன்.